பூஜை பொரி குடுத்தா பொண்ணு என்ன சொல்லணும்?

கேள்வி: ஈரோடு பக்கம் கிராமம், தமிழ்நாட்டுலயே நாம கிறிஸ்டியன்ஸ் 2011 சென்சஸ்படி 6 சதவீதம் சொச்சம்தான், இங்க கிளாஸ்ல என் பொண்ணு ஒருத்திதான் கிறிஸ்டியன். சரஸ்வதி பூஜை பொரிகடலை குடுத்தா வாங்கலாமாம்மானு கேக்குறா, ஃப்ரெண்ட்ஸ் மனசும் நோகக்கூடாது விசுவாசமும் விடக்கூடாது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

பதில்: சிஸ்டர், பைபிள்ல 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரம் பிள்ளையோட உக்காந்து வாசிங்க, படைச்ச சாப்பாட்டைப் பத்தி அப்போஸ்தலர் பவுல் அங்கதான் பேசுறாரு. எங்க வீட்டுல "தேங்க்ஸ்டி, படைச்சது நாங்க சாப்பிட மாட்டோம்"னு சிரிச்சுட்டே சொல்லப் பழக்கிருக்கோம். கிறிஸ்மஸுக்கு அந்த ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் கேக்கும் முறுக்கும் கண்டிப்பா போகும்.

பதில்: வேண்டாம்னு மட்டும் சொல்லிக் குடுத்தா பத்தாதுங்க. ராத்திரி குடும்ப ஜெபத்துல பைபிள்ல இருக்கற 23ம் சங்கீதம் பிள்ளையே சொல்லட்டும், மே லீவுல சர்ச்சுல நடக்கற விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) அனுப்புங்க, அங்க தன் வயசுப் பிள்ளைங்கள பாத்தாலே நாம மட்டும்தான்ங்கற பயம் போயிரும்.