கேவிஎம்மில் விண்டோஸ் 11: நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே விர்ட்ஐஓ டிரைவர்களைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் பயிற்சி ஆய்வகத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்றின் மேல், கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) வழியாக விண்டோஸ் 11 மெய்நிகர் கணினிகளை உருவாக்கி வருகிறோம். டிஸ்க்கை சாட்டா வகையாக வைத்தால் நிறுவல் தடையின்றி நடக்கிறது. வேகத்துக்காக விர்ட்ஐஓவுக்கு (மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான சாதன வகை) மாற்றினால், எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் ஒரு டிஸ்க்கும் தெரிவதில்லை. ஃபெடோரா வெளியிடும் 'விர்ட்ஐஓ-வின்' (virtio-win) என்ற விண்டோஸ் டிரைவர் தொகுப்பின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்து, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிஸ்க் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் இதைக் கையால் செய்ய இயலாது. ஆகவே நிறுவலைத் துவக்கும் பூட்.விம் கோப்பின் முதல் படிமத்தில், விண்டோஸ் படிமங்களைத் திருத்தும் டிஐஎஸ்எம் கருவியால் டிரைவரைச் சேர்த்து ஐஎஸ்ஓவை மீண்டும் உருவாக்கினேன். பலன் இல்லை. எங்கே சேர்க்க வேண்டும்?

பதில் 1:
வழக்கமான பூட்.விம்மில் இரண்டு படிமங்கள் இருக்கும். முதலாவது வெறும் விண்டோஸ் பிஇ (நிறுவலுக்கும் பழுதுநீக்கலுக்குமான சிறு விண்டோஸ்). நிறுவல் ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கும்போது ஏறுவது இரண்டாவதான விண்டோஸ் செட்டப். டிரைவரை அந்த இரண்டாவதில் சேர்த்து, படிமத்தை விடுவிக்கும்போது 'கமிட்' (மாற்றங்களைச் சேமி) என்பதைக் குறிப்பிட்டால் டிஸ்க் தெரியும்.

அத்துடன் நிறுத்தாதீர்கள். பூட்.விம்மில் உள்ளவை செட்டப்பின் தேவைக்கு. டிஸ்க்கில் போய் உட்காரும் அமைப்பு இன்ஸ்டால்.விம்மிலிருந்து வருகிறது. அதிலும் டிஸ்க் டிரைவரையும், நெட்வொர்க்குக்கான நெட்கேவிஎம்மையும் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் 11 தன் முதல் அமைப்புத் திரைகளில் இணைய இணைப்பைக் கேட்பதால், நெட்வொர்க் டிரைவர் இல்லையென்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். இன்ஸ்டால்.விம்மில் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் இருக்கலாம். நீங்கள் நிறுவுகிற ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் ஐஎஸ்ஓவில் அதற்குப் பதிலாக இன்ஸ்டால்.இஎஸ்டி இருந்தால், அதை நேரடியாகத் திருத்த முடியாது. தேவையான பதிப்பை முதலில் விம் வடிவத்துக்கு ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

'விர்ட்ஐஓ-வின்' ஐஎஸ்ஓவில் எந்த போல்டரிலிருந்து டிஸ்க் டிரைவரை எடுப்பது என்பதும் முக்கியம். டிஸ்க் நேரடி விர்ட்ஐஓ பிளாக் சாதனமாக இருந்தால் வியோஸ்டோர். விர்ட்ஐஓ எஸ்சிஎஸ்ஐ கன்ட்ரோலரின் கீழ் இருந்தால் வியோஸ்கஸி. ஒன்றுக்கு மற்றது பயன்படாது.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆயினும் மைக்ரோசாஃப்ட் புதிய ஐஎஸ்ஓ வெளியிடும்போதெல்லாம் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், விம் கோப்புகளைத் தொடாத வழியையே நான் விரும்புவேன். நிறுவல் ஊடகத்தின் மேல்மட்டத்தில், முன்னும் பின்னும் டாலர் குறியிட்டு வின்பிஇடிரைவர் என்ற பெயரில் ஒரு போல்டரை வைத்தால், செட்டப் அதிலுள்ள டிரைவர்களைத் தானே தேடி ஏற்றிக்கொள்ளும். அல்லது நிறுவல் கேள்விகளுக்குத் தானே விடையளிக்கும் ஆட்டோஅனட்டெண்ட் எக்ஸ்எம்எல் கோப்பில், விண்டோஸ் பிஇ கட்டத்துக்கு உரிய டிரைவர் பாதையைக் குறிப்பிடலாம். டிரைவர் சிடிக்குக் கிடைக்கும் டிரைவ் எழுத்து கணினிக்குக் கணினி மாறக்கூடும் என்பதால் டி, இ, எஃப் என மூன்று பாதைகளையும் எழுதிவைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டாவது படிமத்தில் சேர்த்ததும் டிஸ்க் தெரிந்தது. ஏற்கெனவே சாட்டாவில் நிறுவிய கணினிகளை மீண்டும் நிறுவாமல் விர்ட்ஐஓவுக்கு மாற்ற முடியுமா?

பதில் 1:
முடியும், ஆனால் நேரடியாக மாற்றாதீர்கள். பூட் ஆகும் நேரத்தில் டிரைவர் ஏறாமல் நீலத்திரை வந்து, துவக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்ற பிழை காட்டும். முதலில் 1 ஜிபி அளவில் ஒரு வெற்று விர்ட்ஐஓ டிஸ்க்கைக் கூடுதலாக இணைத்து, விண்டோஸுக்குள் 'விர்ட்ஐஓ-வின்' கருவித்தொகுப்பை நிறுவுங்கள். சாதன மேலாளரில் அந்தச் சிறு டிஸ்க் சரியாகத் தெரிந்த பிறகு கணினியை அணைத்து, முதன்மை டிஸ்க்கின் வகையை மாற்றி, பூட் வரிசையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின் சிறு டிஸ்க்கை நீக்கிவிடலாம்.