கிண்ணியாப் பாலத்தில் ஏன் இத்தனை தூண்கள்? பீமைத் தடிப்பாக்கினால் குறையாதா?

துறையடி:
திருகோணமலைக் கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் பாதையில் (மிதவைப் படகில்) தான் ஆட்களும் வாகனமும் கடந்தார்கள். களப்புக்குள் ஒவ்வொரு தூணையும் இறக்குவது பெரிய பாடும் செலவும். பீமை இரண்டு மடங்கு தடிப்பாகப் போட்டுத் தூணைப் பாதியாக்கியிருக்கலாமே? உயர்தரப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும், கணக்கோடு சொல்லுங்கள்.

உப்பாறு:
தடிப்பாக்கினால் பாரமும் கூடும், சிக்கல் அங்கேதான். ஒரு சாதாரண பீமை எடுங்கள்: அகலம் 0.4 மீற்றர், ஆழம் 1 மீற்றர். கொங்கிரீட் கன மீற்றருக்கு 2.5 தொன். ஆக, மீற்றருக்கு 1 தொன். இரு முனையிலும் தாங்கினால் நடுவில் வளைவுத் திருப்பம், அதாவது பீமை வளைக்கும் திருப்பம், wL²/8 (w மீற்றருக்கு உள்ள பாரம், L நீளம்). 10 மீற்றருக்கு 12.5 தொன் மீற்றர், 20 மீற்றருக்கு 50. நீளம் இரட்டித்தது, திருப்பம் நாலு மடங்கு.

வளையும்போது மேல் பக்கம் நெருங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும். அந்த இழுவை 10 மீற்றரில் சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 1.9 நியூட்டன், 20 மீற்றரில் 7.5. சாதாரண கொங்கிரீட் இழுவையில் 3 அளவிலேயே வெடித்துவிடும். அதாவது கம்பி போடாத 20 மீற்றர் பீம், ஒரு சைக்கிள்கூட ஏறமுன் தன் பாரத்திலேயே முறியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். இந்தக் கணக்கில் அகலம் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது L²/d (d ஆழம்). அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் சொந்தப் பாரத்துக்கு எதிராக ஒரு சதம் பிரயோசனமில்லை. ஆழத்தை இரண்டு மடங்காக்கினாலும் போதாது. நீளம் 2 மடங்கானால் ஆழம் 4 மடங்காக வேண்டும். 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஆழம் என்றால், அதே இழுவையில் 40 மீற்றருக்கு 16 மீற்றர் ஆழம்! ஐந்து மாடிக் கட்டடம் அளவு.

நிலாவெளி வீதி:
மேலே உள்ளவர் சொன்னது முற்றிலும் சரி. அதனால்தான் பொறியியலாளர் பாரத்தைக் குறைக்கும் வழியைத் தேடுகிறார். நடு ஆழத்தில் உள்ள கொங்கிரீட் வளைவுக்கு அதிகம் உதவாது. அதைச் செதுக்கி எடுத்தால் I வடிவம், இன்னும் போனால் உள்ளே வெறுமையான பெட்டி. ஆனால் தூணுக்குக் கிட்டே, செதுக்கிய பின் மிஞ்சும் சுவரைக் கண்டபடி மெலிய வைக்கக் கூடாது. வெட்டு விசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) அங்கேதான் கூட, அதற்குத்தான் வளையக் கம்பிகளை முனையில் நெருக்கிக் கட்டுவது.

அடுத்தது முன் இழுத்த கேபிள். 12.7 மி.மீ. கேபிள் ஒன்று, ஏழு இழை முறுக்கியது, ஏறத்தாழ 18 தொன்னில் அறும். 13 தொன் அளவில் இழுத்து, பீமின் கீழ்ப் பக்கத்துக்குள் பூட்டுவார்கள். கீழ்ப் பக்கம் முதலே நெருக்கப்பட்டிருப்பதால் வாகனம் ஏறும்போது வரும் இழுவை அந்த நெருக்கத்தைத் தளர்த்துவதோடு நின்றுவிடும். இந்த முறையில் 30, 40 மீற்றர் சாதாரணம். அதற்கு மேல் தூக்குவதே தடை: 30 மீற்றர் பீம் ஒன்று 45 தொன் வரை வரும்.

யார்டில் இவற்றை அடுக்கும்போது கட்டையை முனைகளுக்குக் கிட்டத்தான் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் மேல் பக்கம் வெடிக்கும், ஏனென்றால் கேபிள் அதை ஏற்கெனவே மேல்நோக்கி வளைத்திருக்கிறது.

துறையடி:
நன்றி. அப்படியென்றால் இரு தூண்களுக்கு இடையே 300 மீற்றர் உள்ள பீம் பாலம் இருக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

உப்பாறு:
நோர்வேயின் ஸ்டொல்மா, 1998, 301 மீற்றர். தூணருகே பெட்டி 15 மீற்றர் ஆழம், நடுவில் 3.5 மட்டும், நடுப்பகுதிக்கு இலேசான கொங்கிரீட். சீனாவின் ஷிபான்போ, 2006, 330 மீற்றர். அதன் நடுத்துண்டு உருக்கு. எல்லாமே பாரத்தை நடுவிலிருந்து பிடுங்கும் வேலை. இதிலும் ஆபத்து உண்டு. கொங்கிரீட் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லத் தொய்யும். பலாவுத் தீவில் 1977இல் கட்டிய 241 மீற்றர் பாலம் நடுவில் ஒரு மீற்றருக்கு மேல் தொய்ந்தது. 1996இல் திருத்த வேலை முடிந்து சில மாதத்தில் விழுந்தது. களப்பின் ஆழம் குறைவாக உள்ள இடத்தில் அந்த வித்தை எதற்கு? தூண்தான் மலிவு.

நிலாவெளி வீதி:
பிள்ளைகளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனால் வெடிப்பை வாசிக்கப் பழக்குங்கள். பீமின் நடுவில் கீழிருந்து நேராக ஏறும் மயிரிழை, வளைவால் வருவது. கம்பி மட்டும் போட்ட பீமில் சிறிதாக இருந்தால் பயமில்லை. முனைக்குக் கிட்டச் சரிவாக ஓடினால் வெட்டு, அதை உடனே அறிவிக்க வேண்டும். கம்பியின் வழியே நீளமாக ஓடி, துருக்கறை வடிந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு வீங்கி மூடிய கொங்கிரீட்டைத் தள்ளிவிடும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 50 மி.மீ. மூடலாவது கேட்பது இதற்காகத்தான்.

பீமுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள இறப்பர்த் தட்டையையும் காட்டுங்கள். 30 மீற்றர் பீம் 20 பாகை சூடேறினால் 7 மி.மீ. நீளும், அதற்கு அசைந்து கொடுப்பது அந்தத் தட்டைதான். மேலே பீம் முனைகளுக்கு நடுவே விட்ட இணைப்பு இடைவெளியில் மண்ணும் கல்லும் இறுகிக் கிடந்தால் அந்த 7 மி.மீ.க்கு இடமில்லை, பீம் முனைதான் நொறுங்கும். தும்புத்தடியால் கூட்டி எடுத்தாலே போதும்.