முல்லைத்தீவுக் கரையில வள்ளத்தைப் படம் எடுக்கேக்க போகஸ் நுரையில நிக்குது

விடிய 6.10 தொடக்கம் 6.40 வரை கரை திரும்பிற பைபர் வள்ளங்களைக் கமராவால படம் எடுக்கிறன். கரை கிழக்குப் பார்த்தது, வெயில் நேரே லென்ஸுக்குள்ள. வள்ளம் முறியிற அலைக்குப் பின்னால தாழ்ந்து எழும்பேக்க போகஸ் நுரைக்குத் தாவுது. அணியத்தில (வள்ளத்தின்ர முன்பக்கம்) நிக்கிறவரின்ர முகம் மங்கல். மூண்டு கிழமையா இதுதான்.

70-300 மிமீ சூம் லென்ஸ், 300இல துவாரம் எஃப் 5.6, ஷட்டர் 1/1250 செக்கன், ஐஎஸ்ஓ 800. தொடர் போகஸ் (நகர்றதைப் பின்தொடர்ந்து போகஸ் பிடிக்கிற முறை), நடுவில ஒற்றைப் போகஸ் புள்ளி. லென்ஸ் முன்னால இருந்த யூவி பில்டர் கண்ணாடியைக் கழட்டி, வெயில் மறைக்கிற ஹூட் போட்டன்: வெளிறல் குறைஞ்சது, போகஸ் திருந்தேல்ல. 9 புள்ளிக்கு மாத்தினால் இன்னும் மோசம், மினுங்கிற நுரையைத்தான் முதல்ல பிடிக்குது. துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினாலும் காணாது. (தெற்கால தள்ளி நிண்டால் வெளிச்சம் நல்லம், ஆனா கரைவலை இழுக்கிற ஆக்கள் மறைக்கினம்.)

குறுக்க ஏதும் வந்தாலும் போகஸ் உடன தாவாமப் பிந்த வைக்கிற செட்டிங்கோ, அலை முறியிற இடத்தில கையால முன்கூட்டியே போகஸ் வைச்சுக் காத்திருக்கிறதோ, எது சரிவரும்?