சாவோ பாவுலோவுல எங்க வீடு பாக்குறது? இன்னிக்கே அட்வான்ஸ் கேக்குறாங்க, அவசரம்

புதுப்பயணி:
வணக்கம். ஆபீஸ் ப்ராஜெக்ட்டுக்காக அடுத்த வாரம் பிரேசில் கிளம்புறேன். முதல் ரெண்டு வாரம் கம்பெனி ஹோட்டல், அப்புறம் நம்ம பாடு. ரெபூப்ளிகா பக்கம் ஃபர்னிஷ்ட் வீடு ஒண்ணு பாதி வாடகைக்கு வருது. மூணு மாச வாடகையை இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு வாட்ஸ்அப்ல சொல்றார். ஏரியா சேஃபா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பவுலிஸ்டாவாசி:
ரெபூப்ளிகா வேண்டாம் ப்ரோ. பகல்ல சரி, மெட்ரோ 3ம் லைனும் 4ம் லைனும் அங்கதான் சந்திக்குது. கடை ஷட்டர் இறங்கினப்புறம் அந்தத் தெருவே வேற. லூஸ் ஸ்டேஷன் பக்கம் இன்னும் மோசம். அவெனிடா பவுலிஸ்டாவை ஒட்டி நாலு தெருவுக்குள்ள பாருங்க, பேலா விஸ்டா இல்லன்னா ஜார்டின்ஸ். 2ம் லைன் கொன்சொலசாவ் ஸ்டேஷனையும் 4ம் லைன் பவுலிஸ்டா ஸ்டேஷனையும் சுரங்கப்பாதை சேர்க்குது. ஞாயித்துக்கிழமை ரோட்டையே காருக்கு மூடிடுவாங்க, காலாற நடக்கலாம். ஆனா ரோட்டோரமா நின்னு போன்ல மேப் பாக்காதீங்க. சைக்கிள்ல வர்றவன் கையிலேருந்து உருவிட்டுப் போயிடுவான். கடைக்குள்ள ஏறி நின்னு பாருங்க.

தெற்குக்கரை:
பவுலிஸ்டாவா? ஊர்வலம், போராட்டம், பார்ட்டி எல்லாம் அங்கதான், தூங்க முடியாது. இத்தாயிம் பிபி, விலா ஒலிம்பியா பாருங்க. கம்பெனிங்க பாதி அங்கதான் இருக்கு, ஆத்தங்கரையில 9ம் லைன் ரயில். வாடகை கூட, ஒத்துக்குறேன். எந்த ஏரியாவானாலும் போர்தாரியா, அதாவது வாசல் காவல், 24 மணி நேரமும் ஆள் வெச்சா நடக்குதுன்னு கேளுங்க. சில பில்டிங்ல கேமராவும் ஸ்பீக்கரும்தான். ராத்திரி கேட் மாட்டிக்கிச்சுன்னா போர்ச்சுகீஸ்ல ஸ்பீக்கரோட பேசிட்டு நிக்கணும்.

பேப்பர்புலி:
ஏரியா கெடக்கட்டும், சிபிஎஃப் நம்பர், அதாவது நம்ம பான் கார்டு மாதிரி அங்கத்த வரி நம்பர், இருக்கா? அது இல்லாம சிம் கார்டுக்கே திண்டாடணும், போன்ல பணம் அனுப்புற பிக்ஸும் கிடையாது. பிரேசில் தூதரகம் வழியா ஊர்லேயே வாங்கலாம். சாதாரண வாடகை ஒப்பந்தம் 30 மாசம். ஃபியதோர்னு உள்ளூர் ஜாமீன்தாரர் கேப்பாங்க, புதுசா வர்றவனுக்கு யார் நிப்பா? கிந்தோ அந்தார் மாதிரி வீடு வாடகை ஆப்ல ஜாமீன்தாரர் வேண்டாம். விளம்பரத்துல பெருசா இருக்கிறது வெறும் அலுகெல், அதாவது வாடகை மட்டும். கொண்டொமினியோன்னு மெயின்டனன்ஸ், ஐபிடியுன்னு வீட்டு வரி, ரெண்டும் தனி. கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஃபர்னிஷ்ட் இல்லாத வீட்டுல அடுப்புகூட இருக்காது.

குளிர்ஜுரம்:
பிரேசில்னா வெயில்னு நம்பி ஸ்வெட்டர் இல்லாம வந்துடாதீங்க. ஊர் 760 மீட்டர் உயரத்துல இருக்கு. ஜூலைக் காலையில 10, 12 டிகிரி, வீட்ல ஹீட்டரும் இருக்காது. ஷவர் தலையிலேயே கரண்ட் காயில், 5500 வாட். குழாயை முழுசாத் திறந்தா தண்ணி ஜில்லுன்னு வரும், குறைச்சாத்தான் சூடு. இதை யாரும் சொல்ல மாட்டாங்க!

மிக்ஸிமாமி:
கரண்ட் பேச்சு வந்ததால சொல்றேன். சாதா ப்ளக் பாயின்ட்ல 127 வோல்ட்தான். நம்ம 230 வோல்ட் மிக்ஸி அதுல முனகும், உளுந்து அரையாது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 விஏ ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். இட்லிக்கு அர்ரோஸ் பர்போயிலிஸாடோன்னு புழுங்கலரிசி எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் உண்டு. உளுந்துதான் லேசுல கிடைக்காது.

குளிர்ஜுரம்:
டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிட்டு அலையறதுக்கு அங்கயே ஒரு பிளெண்டர் வாங்கலாம். கறிவேப்பிலைக்கு என்ன பண்றது, அதைச் சொல்லுங்க. பீன்ஸ்லகூட பன்னிக்கறி போட்டுடுறாங்க, சைவம்னா சாலட்டை நீட்டுறாங்க.

வழிகாட்டி:
கறிவேப்பிலையை அப்புறம் பாப்போம். அவர் பணம் அனுப்பவான்னு கேட்டுட்டு இருக்கார், யாரும் பதில் சொல்லல. அனுப்பாதீங்க. பாதி விலை, இன்னிக்கு ராத்திரி கெடு, வாட்ஸ்அப்: மூணும் சேர்ந்தா ஏமாத்துதான். 1991ம் வருஷ வாடகைச் சட்டம், 8.245ம் எண், பணமா வாங்குற டெபாசிட்டை மூணு மாச வாடகைக்கு மேல விடாது. டெபாசிட், ஜாமீன்தாரர், இன்ஷூரன்ஸ், இதுல ஒண்ணுதான் கேக்கலாம். 90 நாளுக்குட்பட்ட தெம்பொராடா, அதாவது தற்காலிக வாடகையில முன்பணம் வாங்கலாம், அதைத்தான் இவங்க சாக்கா வெச்சுக்குறாங்க. வீட்டை நேர்ல பாத்து, கையெழுத்துப் போட்டப்புறம்தான் பணம்.
இப்போ நீங்க சொல்லாத ரெண்டு விஷயம். ஆபீஸ் எந்த இடம்? தனியாவா, குடும்பத்தோடவா?

புதுப்பயணி:
சாரிங்க. ஆபீஸ் ஆல்ஃபாவில்லேன்னு போட்டிருக்கு. மனைவியும் ரெண்டு வயசுப் பையனும் மூணு மாசம் கழிச்சு வர்றாங்க.

தெற்குக்கரை:
ஆல்ஃபாவில்லேயா! அது சாவோ பாவுலோவே இல்லீங்க, பருவேரி, தனி ஊர். நான் சொன்ன விலா ஒலிம்பியாவை மறந்துடுங்க.

வழிகாட்டி:
தனியா இருக்கிற மூணு மாசத்துக்கு பிஞேய்ரோஸ் ஏரியா. 4ம் லைனும் 9ம் லைனும் சேர்ற ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துல, மாச வாடகைக்கு ஃப்ளாட். இங்க ஃப்ளாட்னா ஹோட்டல் மாதிரி சர்வீஸ் உள்ள வீடு, ஜாமீன்தாரர் தொல்லை குறைவு. 9ம் லைன்ல ஒசாஸ்கு போய் 8ம் லைன் மாறி பருவேரில இறங்கணும். நடுவுல தனி டிக்கெட் வேண்டாம். காலையில கூட்டம் ஊருக்குள்ள வரும், நீங்க எதிர்த்திசை, அதனால நெரிசல் குறைவு. பருவேரிலேருந்து ஆபீஸுக்கு பஸ். அதுக்கும் முன்னாடி எச்ஆர்கிட்ட ஃப்ரெத்தாடு, அதாங்க கம்பெனி பஸ், இருக்கான்னு கேளுங்க. எந்த நிறுத்தத்துல நிக்குதோ அதை வெச்சே வீடு பாக்கலாம்.
குடும்பம் வந்தப்புறம் ஆல்ஃபாவில்லேயே நல்லது. சுத்துச்சுவர் குடியிருப்பு, பையன் வெளிய விளையாடுவான். ஆனா கார் இல்லாம சாயங்காலம் பால் வாங்கக்கூட நகர முடியாது.

பேப்பர்புலி:
மஞ்சள் காய்ச்சல் ஊசியை விட்டுட்டீங்களே. பிரேசில்லேருந்து இந்தியா திரும்பும்போது சர்டிஃபிகேட் இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்துவாங்க. ஊசி போட்ட 10ம் நாள்லேருந்துதான் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். பையனுக்கும் வேணும். சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க.

புதுப்பயணி:
பணம் அனுப்பல. கெடுவை நாளைக்குத் தள்ளி வெச்சிருக்கார், வாடகையையும் குறைச்சுட்டார்! எச்ஆருக்கு மெயில் போட்டாச்சு, பிஞேய்ரோஸ்ல பஸ் நிக்குதான்னு கேட்டிருக்கேன். ஊசிக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணுமா, இல்ல நேராப் போய் வரிசைல நிக்கலாமா?