நெட் ஜீரோ: மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் எது நகர்கிறது, எது சிக்குகிறது (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

திருவொற்றியூர் கணக்கு:

2070-க்குள் நெட் ஜீரோ (வெளியிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவது) என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. அதற்கு முன்பே எட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் இலக்கு. அதற்கென்றே பசுமைக் காலநிலை நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. ஆலை கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது? கம்பெனியும் அரசுத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எந்த இடத்தில் ஓடுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது? கைவைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள். அளந்த எண்களோடு எழுதுங்கள்.

முதலில் என் பக்கத்திலிருந்து ஒன்று. வடசென்னையில் இந்த வேலையை பாய்லரிலிருந்தும் ஃபர்னஸிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். காற்றாலை மின்சாரத்துக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது: கூட்டு கேப்டிவ் முறையில் (பலர் சேர்ந்து தங்களுக்கென்றே மின்நிலையம் வைத்துக்கொள்வது) 26% பங்கு வைத்து, உற்பத்தியில் 51% நாமே பயன்படுத்தினால் போதும். ஆரல்வாய்மொழிக் காற்றாலை மின்சாரம் வந்தால் கணக்கில் கார்பன் டன் குறையும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் மணலியில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் படிகிற கரி அதனால் குறையாது. இத்தனை வருடம் புகையைச் சுவாசித்தவர்களின் தெருவில் காற்று மாறாமல் கணக்கில் மட்டும் பூஜ்யம் வந்தால், அதை என்னால் வெற்றி என்று ஏற்க முடியாது.

மணலி நீராவி:

சார் சொன்னது சரி. ஃபர்னஸ் ஆயிலிலிருந்து (பாய்லரில் எரிக்கும் கனமான எண்ணெய்) குழாய் எரிவாயுவுக்கு மாறுவதுதான் இங்கே உடனே செய்யக்கூடிய பெரிய வேலை. எண்ணூரில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019-லிருந்து இருக்கிறது.

ஒரு டன் நீராவிக்குச் சுமார் 70 கிலோ ஆயில் போகும். அதிலிருந்து 220 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதே வெப்பத்தை எரிவாயுவில் எடுத்தால் 160 கிலோ பக்கம். கந்தகமும் கரியும் அநேகமாக நின்றுவிடும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று.

பர்னரை மாற்றினால் போதும் என்று நினைப்பது முதலாவது. பர்னருக்கு எரிவாயு வரும் வழியில் கேஸ் டிரெயின் முழுதாக வேண்டும்: ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், வரிசையாக இரண்டு ஷட்-ஆஃப் வால்வு, அவற்றுக்கு நடுவே கசிவு சோதனை, பற்றவைக்கும் முன் ஃபர்னஸை ஊதிக் கழுவும் பர்ஜ் நேரம். அவசரத்தில் பர்ஜ் டைமரைக் குறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், உயிர் போகும்.

இரண்டாவது, காகிதம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எரிபொருள் பெயரும் புகைபோக்கி உயரமும் எழுதியிருக்கும். "நல்லதுக்குத்தானே மாறுகிறோம்" என்று திருத்தம் வாங்காமல் மாறினால், அடுத்த ஆய்வில் அது மீறல்தான். பாய்லர் துறைக்கும் முன்கூட்டியே எழுத வேண்டும். இரண்டு துறைக்கும் ஒரே வரைபடத்தை, ஒரே தேதியில் கொடுங்கள். வரைபடங்களுக்குள் சின்ன வித்தியாசம் இருந்தாலே கோப்பு திரும்பி வரும்.

மூன்றாவது, எரிவாயு ஒப்பந்தம். குறைந்தபட்ச அளவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்ற விதி அதில் இருக்கும். போன வருடத்தின் மிக மந்தமான மாதத்தைப் பார்த்து அளவைச் சொல்லுங்கள், சராசரியைப் பார்த்து அல்ல. சராசரியைச் சொல்லிவிட்டு, ஆர்டர் குறைந்த மாதத்தில் எரிக்காத எரிவாயுவுக்குப் பணம் கட்டி, பிறகு "ஆயிலே தேவலாம்" என்று திரும்பிப் போவதுதான் நடக்கிறது.

குழாய் வரும் முன்பே செய்யக்கூடியதும் உண்டு. கன்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சூடான தண்ணீர்) சாக்கடையில் விடாமல், பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டாங்குக்குத் திருப்புங்கள். ஃபீட் தண்ணீர் 6 டிகிரி சூடானால் எரிபொருள் 1% குறையும். 30-லிருந்து 85-க்கு ஏற்றினால் 9% பக்கம்.

வியாசர்பாடி சிட்கோ மின்பணி:

சின்னப் பட்டறைகளுக்கு பாய்லர் கிடையாது அண்ணே. எங்கள் பக்கம் பணம் போவது காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸரில்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். லோடில் (காற்றை அழுத்தும்போது) எத்தனை நொடி, அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுற்றும்போது) எத்தனை நொடி என்று பத்துச் சுற்று குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு சதவீதம். 90 நொடி லோடு, 270 நொடி அன்லோடு என்றால் 25%. 55 கிலோவாட் மெஷினில் அது 14 கிலோவாட் அளவுக்கு வெறும் காற்று. நாளைக்கு 20 மணி, வருடம் 300 நாள் ஓடினால் 84,000 யூனிட். கிரிட் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று வைத்தால் 60 டன். கசிவது பெரும்பாலும் ஹோஸ் கிளிப், குயிக் கப்ளர், எஃப்.ஆர்.எல். (காற்றை வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் கருவி) கிண்ணத்தின் அடிப்பக்கம். சோப்புத் தண்ணீரும் டெஃப்லான் டேப்பும் போதும். பிறகு அழுத்தத்தை 8 பாரிலிருந்து 7-க்கு இறக்கிப் பாருங்கள். ஒரு பாருக்கு 6–7% மின்சாரம் மிஞ்சும்.

அரசு உதவி பற்றி: சிறு, குறு தொழிலுக்கு ஆற்றல் சேமிப்புக் கருவிக் கடனில் வட்டிச் சலுகை தரும் ஒன்றிய அரசுத் திட்டம் 2025-இல் வந்திருக்கிறது (அடீட்டீ என்பார்கள்). குறு, சிறு நிறுவனங்களுக்கு 5%, நடுத்தரத்துக்கு 3%. குறைந்தது 10% மிச்சத்தைக் காட்ட வேண்டும். இங்கேதான் வழுக்குகிறது. பழைய மெஷினைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுத்தான் பலர் விண்ணப்பத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். பழைய அளவு இல்லாமல் மிச்சத்தை எதை வைத்து நிரூபிப்பது? தனி மீட்டர் போட்டு, உற்பத்திக் கணக்கோடு குறைந்தது ஒரு மாத ரீடிங் எடுத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

மேற்கூரை சோலார்:

கடலோர ஆலைக்கு சோலார் போடுபவர்கள் கேட்காமலே விடும் விஷயங்கள்:

சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வடிவமைப்பில் விநாடிக்கு 50 மீட்டர். வர்தா புயல் வந்த ஊர் இது. ஸ்டாண்டின் கிளாம்ப் கணக்கு அதற்கு ஒத்து வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்று வேண்டும். போல்ட்டு ஸ்டெயின்லெஸ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகும் இன்வெர்ட்டரை இடுப்பு உயரத்தில் மாட்டுகிறார்கள், பார்க்கவே மனசு பதறுகிறது. அன்று தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருந்தால், அதற்கு மேலே ஒரு மீட்டர் விட்டு மாட்டுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

எச்.டி. (உயர் அழுத்த) இணைப்புக்காரர்கள் கவனிக்க வேண்டியது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு. 400 கிலோவாட் லோடு 0.98-இல் ஓடுகிறது என்று வையுங்கள். கிரிட்டிலிருந்து 81 கே.வி.ஏ.ஆர். (வேலை செய்யாமல் வந்து போகும் ரியாக்டிவ் பவரின் அளவு) வருகிறது. பகலில் சோலார் 250 கிலோவாட் கொடுத்தால் கிரிட்டிலிருந்து 150 கிலோவாட்தான். ஆனால் அந்த 81 அப்படியே நிற்கும். மீட்டரில் 0.88 காட்டும். 0.90-க்குக் கீழே போனால் அபராதம். உள்ளே ஒரு கோளாறும் இல்லை, கே.வி.ஏ.ஆர். ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பேனலின் சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) சோலார் சேரும் இடத்துக்குப் பின்னால், லோடு பக்கம் இருப்பதுதான் காரணம். அதை கிரிட் பக்கம் மாற்றினாலோ, இன்வெர்ட்டரையே கே.வி.ஏ.ஆர். தரும்படி செட் செய்தாலோ தீரும். இது தெரியாமல் "சோலார் போட்டதும் அபராதம் வருகிறது" என்று சுவிட்சை அணைத்துவைத்த இடங்கள் இருக்கின்றன.

டிமாண்ட் கட்டணம் (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கான கட்டணம்) குறையும் என்றும் நம்பாதீர்கள். ஒப்பந்த டிமாண்டில் 90% எப்படியும் பில்லில் வரும். மாலை 6 முதல் 10 வரை உச்ச நேரக் கட்டணம் கூடுதல் 25%, அப்போது சூரியனும் கிடையாது.

கொடுங்கையூர் நீர்:

சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கொடுங்கையூரில் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, ஆர்.ஓ. வழியாக மணலி ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது குடிநீர் வாரியம். கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். இந்த வழியில் அதில் பாதிகூடத் தேவையில்லை. ஊர்க் குடிநீரும் ஊருக்கே மிஞ்சும்.

இது ஓடுவதற்குக் காரணம், ஆலைகள் தொடர்ந்து வாங்குகின்றன என்பதுதான். வாங்க ஆள் உறுதியாக இருந்தால்தான் அரசு குழாயில் பணம் போட முடியும். சிக்கல் வருவது அம்மோனியாவில். மழைக்காலத்தில் சுத்திகரிப்பு தடுமாறினால் அம்மோனியா ஏறும். கூலிங் டவர் சுற்றில் பித்தளை, செம்பு டியூப்களை அரிக்கும். வாங்கும் ஆலை தன் கேட்டில் ஆன்லைன் அனலைசர் வைத்து, அந்த ரீடிங்கை வாரியத்தின் ஆபரேட்டரும் பார்க்கும்படி கொடுத்துவிட்டால், சண்டைக்கு முன்பே வால்வு திரும்பும். லேப் ரிப்போர்ட்டை மாதக் கடைசியில் அனுப்பிப் புகார் சொல்வதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

எண்ணூர் சரக்கு:

டிரெய்லரை யாரும் எழுதவில்லையே. துறைமுக வரிசையில் ஒரு டிரெய்லர் எஞ்சினை அணைக்காமல் 6 மணி நேரம் நின்றால் 12 முதல் 15 லிட்டர் டீசல். ஒரு லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. டிரைவர்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. வரிசை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை வண்டி நீளம் நகர்கிறது. அணைத்தால் பின்னால் ஹாரன். சரக்கு கேட்டுக்கு வந்த பிறகு ஃபார்ம் 13-இல் (கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான படிவம்) ஒரு எண் தப்பு என்று தெரிவதுதான் வரிசையின் மூலகாரணங்களில் ஒன்று. ஆவணச் சோதனை, வண்டிகள் காத்திருக்கும் யார்டிலேயே முடிந்து, நேர ஒதுக்கீடு போனில் வந்த பிறகு வண்டி கிளம்ப வேண்டும். அதற்குத் துறைமுகம், சுங்கம், போக்குவரத்துக் காவல், ஏற்றுமதியாளர் நால்வரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும். யார்டில் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாவிட்டால் டிரைவர் அங்கே நிற்க மாட்டார், சாலைக்குத்தான் வருவார்.

நிற்கும் கப்பலுக்குக் கரை மின்சாரம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் கிரிட் 50. அதை மாற்றும் கன்வெர்ட்டர் இல்லாமல் கேபிள் மட்டும் இழுத்து வைத்தால் அது காட்சிப் பொருள். இப்போதைய கிரிட்டில் கார்பன் மிச்சமும் பெரிதாக இல்லை, கப்பல் ஜெனரேட்டரும் யூனிட்டுக்கு 0.7 கிலோ பக்கம்தான். புகை கரையில் குறையும், அதற்காகவே செய்யலாம். டன்னும் குறைய வேண்டுமென்றால் காற்றாலை ஒப்பந்தத்தோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

திருவொற்றியூர் கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. மணலி நீராவி, ஒரு கேள்வி: கம்பெனி எல்லாம் தயார், எரிவாயுக் குழாய் மட்டும் கேட்டுக்கு 300 மீட்டர் தள்ளி நிற்கிறது. யாரைப் பிடிப்பது?

மணலி நீராவி:

சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்பதைப் பொறுத்து விண்ணப்பம் மாறும். 300 மீட்டரில் இரண்டுமே வருவதும் உண்டு. தனியாகப் போகாதீர்கள், அதே தெருவில் ஆயில் எரிக்கும் நான்கு ஆலைகளின் மாதத் தேவையை ஒரே தாளில் போட்டு எரிவாயு நிறுவனத்திடம் கொடுங்கள், சாலை வெட்டும் விண்ணப்பத்தை அவர்களே முன்னெடுப்பார்கள். குடிநீர் வாரியக் குழாயும் மின் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று கூட்டு ஆய்வு நடத்தி மார்க் செய்யாமல் ஜே.சி.பி.யை இறக்க விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்ட விடமாட்டார்கள். ஆகவே செப்டம்பருக்குள் குழி மூடி ரோடு போட்டிருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் ஜனவரியிலேயே உள்ளே போயிருக்க வேண்டும்.