எட்டு மாதத்தில் தேய்ந்துபோன பிரேக் பேடு: இடது முன்சக்கரத்தில் மட்டும் உரசல்

கேள்வி:
வணக்கம். ஏழாண்டுகள் ஓடிய என் சிறிய காருக்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் முன்பக்கப் பிரேக் பேடுகளை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்தி நிறுத்தும் பட்டைகளை) மாற்றினேன். சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் இடது முன்சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உரசும் ஓசை எழுந்தது. அடிவாரத்தில் நிறுத்தியபோது அந்தச் சக்கரத்தில் மட்டும் தீய்ந்த வாடையும் அனலும் வீசின. பட்டறையில் பேடு மட்டமானது என்றும், வேறு போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால், காரணம் தெரியாமல் பேடை மட்டும் மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மறுமொழி:
ஒரே நாளில் மாட்டிய பேடுகளில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பேடைக் குறை சொல்லும் முன், பேடுகளைத் தாங்கி டிஸ்கில் அழுத்தும் காலிப்பரைப் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் வண்டியை இருத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். உள்பேடு, வெளிப்பேடு இரண்டையும் பின்தகட்டைச் சேர்க்காமல் தனித்தனியே அளந்து, டிஸ்கின் கனத்தையும் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவையும் எழுதுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
வலப்பக்கப் பேடுகள் இரண்டும் 7 மி.மீ. உள்ளன. இடப்பக்க வெளிப்பேடு 6 மி.மீ.; உள்பேடிலோ தகடுதான் மிஞ்சியிருக்கிறது. அந்த டிஸ்கின் உள்முகத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் விழுந்துள்ளன, கனம் 15.3 மி.மீ., பொறித்திருப்பது 15 மி.மீ. டிஸ்கை லேத்தில் கடைந்தால் போதுமா?

மறுமொழி:
உங்கள் அளவுகளே பாதி விடையைத் தந்துவிட்டன. இத்தகைய சிறிய கார்களின் முன்பக்கக் காலிப்பரில் பொதுவாகப் பிஸ்டன் ஒன்றுதான் இருக்கும். அது உள்பேடை அழுத்த, அதன் எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் (உருளைக் கம்பிகளின்) மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து டிஸ்கில் பதிக்கும். பின்கள் துருவேறி இறுகினால் காலிப்பர் நகராது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் உள்பேடு டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பிஸ்டன் இறுகினாலும் உள்பேடுதான் தேயும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி-கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். சீராக உள்ளே போனால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. போகாவிட்டால் பிளீடர் திருகை (காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) தளர்த்தி மீண்டும் அழுத்துங்கள். அப்போது போனால், காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அப்போதும் போகாவிட்டால் பிஸ்டனே இறுகியிருக்கிறது. (பிளீடரைத் திறந்தால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல் விடக் கூடாது.) காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

டிஸ்கைக் கடைய வேண்டாம். பள்ளம் மறையும் வரை கடைந்தால் 15-க்குக் கீழே இறங்கிவிடும். மெலிந்த டிஸ்க் மலை இறக்கத்தின் சூட்டைத் தாங்காது. இருபக்க டிஸ்குகளையும் நான்கு பேடுகளையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேட்டவர்:
பிஸ்டன் சீராக உள்ளே போயிற்று. கீழ்ப் பின்னை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, நீர் புகுந்து, பின் அசையாமல் இறுகியிருந்தது. என்ன கிரீஸ் இடுவது?

மற்றொருவர் மறுமொழி:
பட்டறையில் கிடைக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து பின்னை மறுபடியும் இறுக்கிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். துருவரித்த பின்னைத் தேய்த்துப் போடாமல், ரப்பர் உறையோடு புதிதாக வாங்குங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல் தோன்றினாலும் சில வண்டிகளில் வேறுபடும், இடம் மாற்றாதீர்கள். பிஸ்டனை உள்ளே தள்ளுகையில் பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட் கெடும் என்பதால் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். எல்லாம் மாட்டியபின், மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். முதல் மிதி தரை வரை இறங்கும் என்பதை மறந்து சுவரில் மோதியவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டவர்:
புதிய பின்கள், ரப்பர் உறைகள், டிஸ்குகள், பேடுகள் அனைத்தும் மாட்டியாயிற்று. காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டுப் பேடுகளைப் பதப்படுத்தினேன். 30 கி.மீ. ஓட்டிவந்து கையை அருகில் கொண்டுசென்று பார்த்தபோது இரண்டு முன்சக்கரங்களிலும் சூடு ஒரே அளவாக இருந்தது. வலப்பக்கப் பின்களையும் கழற்றிப் பார்த்தேன். அங்கும் கிரீஸ் உலர்ந்திருந்ததால் துடைத்துப் புதிதாக இட்டேன். இருவருக்கும் நன்றி.