முயல்குட்டி கதை படிச்சும் 'நம்ம வீடு போர்'ங்குறா, வேற நல்ல படக்கதை இருக்கா?

பொங்கோல்_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். பொண்ணு பாலர் பள்ளியில கே1 படிக்கிறா, நாங்க இருக்கிறது மூவறை வீவக வீடு, சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடிதான். அவ ஃப்ரெண்டோட காண்டோவுல (தனியார் அடுக்குமாடி) பர்த்டேக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து "நம்ம வீட்டுல ஏன் ஸ்விம்மிங் பூல் இல்ல, நம்ம வீடு போர்"னு ஒரே பாட்டு. சரின்னு லைப்ரரியில ஒரு முயல்குட்டி படக்கதை எடுத்துட்டு வந்தேன், இங்கிலீஷ் புக்குதான், நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே பக்கம் திருப்புவேன். குட்டிக்கு வளை பிடிக்காம கிளம்பிப் போகுது, குருவிக் கூட்டுல படுத்துப் பாக்குது தூக்கம் வரல, குளத்துக்குப் போய் நனையுது, அப்புறம் இடி மழை இருட்டு, அழுதுக்கிட்டே திரும்பி வருது, கடைசிப் பக்கத்துல வீடுதான் சொர்க்கம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். முடிச்ச உடனே இவ கேக்குறா, "அம்மா, அந்தக் குளத்துக்குப் பக்கத்துலயே ஒரு வளை தோண்டிக்கலாம்ல?" எனக்குப் பதிலே வரல. அட்வைஸ் கம்மியா, படம் நல்லா இருக்கிற புக் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. தமிழ்ல இருந்தா இன்னும் நல்லது.

ஈசூன்காரன்:
உங்க பொண்ணு கேட்டது நியாயம்தானே க்கா ஹாஹா. வெளிய போனா அடிபடுவேன்னு பயமுறுத்தி வீட்டை நல்லதாக் காட்டுற கதை எனக்கும் பிடிக்காது. என்எல்பி (தேசிய நூலகம்) ஆப்புல 'தி ரன்அவே பன்னி' தேடிப் பாருங்க, மார்கரெட் வைஸ் பிரௌன் எழுதி கிளமென்ட் ஹர்ட் படம் போட்டது, 1942ல வந்த புக்கு. குட்டி நான் ஓடிப்போறேங்கும், அம்மா சரி ஓடு நானும் பின்னாடியே வரேங்கும். மீனாயிடுவேன்னா அம்மா தூண்டில எடுத்துக்கிட்டு ஆத்துல இறங்கிடும், அதுல மாட்டியிருக்கிறது கேரட்டு லா, என் பையன் அந்தப் பக்கத்த விட்டு நகரவே மாட்டான். கடைசியில குட்டி, சரி போ, இங்கயே இருந்துடுறேன்னு சலிச்சுக்கும், அம்மா ஒரு கேரட் எடுத்துக் குடுக்கும், அவ்ளோதான் கதை. இன்னொரு வசதி, பேச்சு வர்ற பக்கமெல்லாம் கறுப்பு வெள்ளை, கற்பனை வர்ற இடத்துல ரெண்டு பக்கத்துக்கும் கலர் படம் மட்டும், எழுத்தே கிடையாது. அங்க நிறுத்திட்டு தமிழ்ல இஷ்டத்துக்கு அளந்து விடலாம்.

காரைக்குடி_டு_ஜூரோங்:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். ஊர்ல நாங்க பாத்த காட்டு முயல் வளையே தோண்டாது, புல்லு புதருக்குள்ள பள்ளம் பண்ணி படுத்துக்கும், குட்டியும் முடியோட, கண்ணத் திறந்துக்கிட்டேதான் பொறக்கும். இந்தப் புக்குல எல்லாம் வர்றது ஐரோப்பா முயல். அதோட குட்டிக்கு முடி இருக்காது, கண்ணு திறக்கவே பத்து நாள் ஆகும், அதனாலதான் அதுக்கு வளை வேணும். தாய் தன் உடம்பு முடியப் பிச்சு மெத்தை போட்டு வச்சிருக்கும். பால் குடுக்க பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவைதான் வரும், குடுத்துட்டுப் போறப்ப வாசல மண்ணு தள்ளி மூடிட்டுப் போயிடும். இத என் மகன்கிட்ட சொன்னா "அப்ப பெல் அடிச்சா யாரு கதவு திறப்பா"ங்குறான்! வீடு நல்லது நல்லதுன்னு சொல்றத விட வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொன்னாத்தான் பிள்ளைங்களுக்கு ஒட்டும், எனக்குத் தெரிஞ்சது இதுதான். எலி வளையானாலும் தனி வளைங்கிறது லோன் கட்டுற நமக்குத்தான், கே1 பிள்ளைக்கு அது எதுக்கு.

தேக்கா_ஆச்சி:
தமிழ்ல வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்டுக்குப் போம்மா, 2015லேர்ந்து இருக்கு, எல்லாம் ஃப்ரீ, மொழி தமிழ்னு போட்டு லெவல் 1 தேடு, கொஞ்சம் வரிதான் இருக்கும், டவுன்லோட் பண்ணி பிரிண்டும் எடுத்துக்கலாம். இல்லன்னா நீங்களே ஒண்ணு பண்ணுங்க. நான் பேத்திக்கு நாலு ஏ4 தாள மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்தேன், முயல் எந்த மாடியில இருக்கு, லிஃப்ட்ல எந்த பட்டன் அமுக்குது, காரிடார்ல யாரு துளசி வச்சிருக்காங்க, எல்லாம் அவளே சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். கீழ் வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) சம்பல் வதக்குனா முயலுக்குத் தும்மல் வருதாம், அதுக்குத் தனியா ஒரு பக்கம்.

சும்மா_படிக்கிறவன்:
பிள்ளை கேக்குறது பூல். நீங்க எல்லாரும் புக் குடுக்குறீங்க. செங்காங் நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா, காண்டோ பூல விடப் பெருசு.

பொங்கோல்_அம்மா:
@சும்மா_படிக்கிறவன் அதுவும் சரிதான் 😄 சனிக்கிழமை போறோம். ரன்அவே பன்னி ரிசர்வ் பண்ணிட்டேன். ஆச்சி, தாள் மடிச்சுக் குடுத்தேன், முயல் ஒன்பதாவது மாடியாம், லிஃப்ட் ரிப்பேராம், அதனால இன்னும் வீட்டுக்கே வந்து சேரல. ஆனா இப்ப புதுசா, நெசமாவே ஒரு முயல் வாங்கித் தான்னு ஆரம்பிச்சிருக்கா. நம்ம வீட்டுல வளக்க விடுவாங்களா?

காரைக்குடி_டு_ஜூரோங்:
வீவகல முயல் வளக்கலாம். ஆனா சிங்கப்பூர் சூட்டுல ஃபேன் காத்து ஓடிக்கிட்டே இருக்கணும், சார்ஜர் வயர் ஒண்ணு கூட மிஞ்சாது. வீட்டுக்காரர்கிட்ட முதல்ல பேசிடுங்க.